வராத ஆளுக்கு 85 புள்ளி: உங்கள் பாதுகாப்புப் பயிற்சி பற்றிய முறைப்பாடு

பயிற்சிப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் யாழ்ப்பாணத்தில் நீங்கள் நடத்திய, சுப்பர்வைசர்மாருக்கும் பொறியியலாளர்களுக்குமான தொழில் பாதுகாப்பு, சுகாதார முகாமைத்துவப் பயிற்சிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஐந்து பேருக்குக் காசு கட்டினோம். தலைக்கு 22,500 ரூபாய், இரண்டு நாள். மூன்று சுப்பர்வைசர்மார், ஒரு இஞ்சினியர் தங்கச்சி, ஐந்தாவது ஆள் நான். ஆகவே இதில் எழுதுவது யாரோ வந்து சொன்ன கதை இல்லை, இரண்டு நாளும் முன்வரிசையில் இருந்து பார்த்தது.

நாங்கள் சின்ன ஒப்பந்தகாரர். வீடு, மதில், கிணறு, இடைக்கிடை ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு ஒஃபிசர் வைக்க எங்களுக்கு வசதி இல்லை, சைற்றில் நிற்கிற சுப்பர்வைசர்தான் எல்லாம். இரண்டு வருசத்துக்கு முன் கோண்டாவில் பக்கம் ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். தண்ணீர் நன்றாகக் கீழே போனதும், இழுக்குதில்லை என்று மண்ணெண்ணெய் மிஷினைக் கயிற்றில் கட்டி உள்ளே பாதி ஆழத்தில் பலகை போட்டு இறக்கி ஓடவிட்டார்கள். அரை மணித்தியாலத்தில் அதைப் பார்க்க இறங்கின பொடியன் பாதி வழியிலேயே கை சோர்ந்து சரிந்துவிட்டான். இடுப்பில் கயிறு இருந்தபடியால் தூக்கி எடுத்தோம். மிஷின் புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபிறகுதான் எங்களுக்கே விசயம் விளங்கியது. அந்தப் பயத்தில்தான் உங்களிடம் வந்தோம். முழுக்கத் தமிழில், காஸ் மீற்றர் செய்முறையோடு, ஹார்னஸ் (உயரத்தில் இருந்து விழுந்தாலும் தாங்குகிறதுக்கு உடம்பில் கட்டுகிற பெல்ற்) செய்முறையோடு என்று உங்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

தமிழ் என்று நீங்கள் சொன்னதை முதலில் பார்ப்போம். கிணறு, மலகூடக் குழி, தண்ணீர்த் தாங்கி மாதிரி அடைபட்ட இடங்களைப் பற்றிய, ஆங்கிலத்தில் 'கொன்ஃபைன்ட் ஸ்பேஸ்' என்கிற ஸ்லைட்டுக்கு நீங்கள் போட்ட தலைப்பு 'வரையறுக்கப்பட்ட விண்வெளி'. கம்பியூட்டருக்குள் ஆங்கிலத்தைப் போட்டு வந்ததை அப்படியே ஒட்டியிருக்கிறீர்கள், ஒருவர்கூட வாசித்துப் பார்க்கவில்லை. பின்வரிசையில் யாரோ 'ரொக்கெற் எத்தினை மணிக்கு?' என்று கேட்டார். மயிரிழையில் தப்பின சம்பவங்களை, ஆங்கிலத்தில் 'நியர் மிஸ்' என்பதை, பதிந்து வைக்கவேண்டும் என்கிற முக்கியமான பாடத்துக்கு 'அருகிலுள்ள செல்வி' என்று பெயர். சிரித்தோம்தான். ஆனால் 22,500 ரூபாய் கட்டினது சிரிக்கிறதுக்கு இல்லை. பயிற்சி தந்தவரில் பிழை சொல்ல எனக்கு மனமில்லை, பாவம், இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே மண்டபத்துக்கு வந்தவர், அந்த ஸ்லைட்டுகளை அவரே அன்றைக்குத்தான் முதல்முதல் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அதோடு, அது எங்களுக்குச் செய்த பாடமே இல்லை. திரையில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் என்று பத்துப் பதினைந்து ஸ்லைட் ஓடியது, அது இந்தியாவின் சட்டம். இங்கே இருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஆள் காயப்பட்டால் நட்டஈட்டுக்கு 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தனியாக இருக்கிறது. இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அம்புலன்ஸுக்கு 108 என்று போட்டிருந்தீர்கள். எங்களுடைய நம்பர் 1990. சைற்றில் ஆள் விழுந்து கிடக்கும்போது உங்கள் கையேட்டைப் பார்த்து ஒருவன் 108ஐ அமத்திக்கொண்டு நிற்பதை ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

இனித்தான் நான் உண்மையில் கோபப்பட்ட இடம். எங்கள் மூத்த சுப்பர்வைசர், நாங்கள் எல்லாரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம், முப்பது வருசம் மேசன் வேலை செய்தவர், எழும்பிக் கேட்டார்: 'சேர், கிணத்துக்கை இறங்க முதல் விளக்கு இறக்கிப் பாக்கிறனாங்கள், அது அணையாட்டி இறங்கலாம்தானே?' பதில்: 'ஓம், அது நல்ல முறை. கெட்ட மணம் வந்தா மட்டும் உடனே ஏறிடுங்கோ.'

இது பிழை, ஆளைக் கொல்லுகிற பிழை. ஒட்சிசன் நன்றாகக் குறைந்தால் விளக்கு அணையும், சரி. காபன் மொனொக்சைட் இருந்தால் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், அந்தக் காஸுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மலகூடக் குழியில் வருகிற ஐதரசன் சல்பைட் முதலில் கூழ்முட்டை மாதிரி மணக்கும், அளவு கூடினால் மூக்கையே மரக்கப்பண்ணிவிடும், மணம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மோசம். அதே குழியில் மெதேன் சேர்ந்திருந்தால், இறக்குகிற விளக்கே நெருப்பு வைக்கும். மீற்றரில் ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே காட்டினால் இறங்கக்கூடாது, விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் அப்படியே இறங்கவே கூடாது. இதெல்லாம் நான் வீட்டுக்கு வந்து இரவிரவாக இருந்து வாசித்தது. உங்கள் மீற்றர் வரவில்லை, அதன் படம் வந்தது. அண்ணைக்கு நான் எவ்வளவு சொன்னாலும், 'படிச்ச மனுசன் போதும் எண்டு சொன்னவர் தம்பி' என்கிறார். அவர் தலைக்குள் நீங்கள் வைத்ததை இப்போது நான் எப்படி எடுப்பது?

ஹார்னஸ் ஒன்று வந்தது, பொலித்தீன் கவரோடு கைக்குக் கை மாறியது, ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. இஞ்சினியர் தங்கச்சி கேட்ட கேள்விக்கு 'பிறகு கதைப்பம்' என்ற பதில்தான் கிடைத்தது, அந்தப் பிறகு வரவே இல்லை. அவள் கேட்டது இதுதான்: 6 அடிக் கயிறு, விழும்போது அதில் விரிகிற பகுதி மூன்றரை அடி, முதுகு வளையத்திலிருந்து கால்வரை ஆள் ஒரு 5 அடி, மேலதிகமாக இரண்டு மூன்று அடி என்று பார்த்தால் கொக்கி மாட்டுகிற இடத்துக்குக் கீழே கிட்டத்தட்ட 17 அடி வேண்டும், நாங்கள் நிற்கிற சாரம் 10 அடி, அதில் கொழுவினால் கால் தரையில் அடிக்காதா? அடிக்கும். அந்த உயரத்தில் பலகையை இறுக்கிக் கட்டி இரண்டு பக்கமும் கைபிடி அடிப்பதுதான் முதல் வேலை, பெல்ற்றும் ஹெல்மெற்றும் கடைசி. அந்த ஒழுங்கைத்தானே ஒரு சுப்பர்வைசருக்கு முதலில் சொல்லித்தர வேண்டும்? நீங்கள் ஹெல்மெற் நிறங்களுக்கு ஒரு மணித்தியாலம் செலவழித்தீர்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சேர்ட்டிபிக்கற் விசயம். எங்கள் சுப்பர்வைசர் ஒருவர் மகளுக்குக் காய்ச்சல் என்று முதல் நாள் மத்தியானமே போய்விட்டார், இரண்டாம் நாள் வரவே இல்லை. பரீட்சை இரண்டாம் நாள் பின்னேரம். அவருக்கு 85 புள்ளி. இருந்து எழுதின எனக்கு 80. எல்லாச் சேர்ட்டிபிக்கற்றிலும் ஓஎச்எஸ்ஏஎஸ் 18001 என்று தொழில் பாதுகாப்பு முகாமைத்துவத்தின் பழைய தரநியமத்தை அச்சடித்திருக்கிறீர்கள், அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ 45001 வந்தது 2018இல். இதை ரெண்டரோடு வைத்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

எனக்கு வேண்டியது, ஒன்றில் கட்டின 1,12,500 ரூபாயும் திரும்ப வரவேண்டும், இல்லாவிட்டால் தமிழில் கதைக்கத் தெரிந்த, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த ஒருவரை மீற்றரோடும் ஹார்னஸோடும் எங்கள் சைற்றுக்கு ஒரு முழுநாள் அனுப்பவேண்டும். எதைச் செய்தாலும், அன்றைக்கு மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அந்த விளக்குப் பதில் பிழை என்று இந்தக் கிழமைக்குள்ளேயே எழுத்தில் அறிவியுங்கள், அதற்குக் காசு கணக்கு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. மற்றதுக்கு 14 நாள் தருகிறேன், அதற்குப் பிறகு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இதே கடிதம் போகும்.

பதிலை ஈமெயிலில் போடுங்கள். போன் எடுக்கிற பிள்ளையோடு நாலு தரம் கதைத்தாயிற்று, நாலு தரமும் 'பாத்துச் சொல்லுறன் அண்ணா' என்றுதான் சொன்னது. ஐந்து சேர்ட்டிபிக்கற்றையும் இன்றைக்குக் கூரியரில் திருப்பிப் போட்டிருக்கிறேன். வராதவருடையதை மேலே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்தகாரர்,
யாழ்ப்பாணம்