கேமரா கண்ணாடி வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கு,

வணக்கம். எனக்குப் பார்வை இல்லை. எதிரே இருப்பதைக் கேமராவால் கண்டு அதன் பெயரைக் காதில் சொல்லும்படி பார்வையற்றவர்களுக்காக நீங்கள் செய்த மூக்குக்கண்ணாடியைப் போன வாரம் அணிந்து நடந்தேன். அது "நாற்காலி" என்று சொல்வதற்குள் என் முழங்கால் நாற்காலியில் இடித்துவிட்டது. பொருளைச் சரியாகக் கண்டுபிடித்ததாக நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இடப்பக்கம் திரும்பினேன். அங்கே கேமரா கண்ட கதவை, நான் வலப்பக்கம் திரும்பிய பிறகு காதில் சொன்னது. கதவு எந்தப் பக்கம்? மறுபடி திரும்பினால் மறுபடி பழைய செய்தி. கடைசியில் ஒவ்வோர் அடிக்கும் நின்று, குரல் வரும்வரை தலையை அசைக்காமல் காத்திருந்தேன். என் ஸ்டிக்கோடு இப்படி நின்றதே இல்லை. அதை வீசுவதும் தரையை அறிவதும் எனக்கு ஒரே வேலை. சந்தேகம் வந்தால் கை தானாக இன்னொரு தரம் தட்டும்.

பார்ப்பதையும் நடப்பதையும் தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

இது உங்கள் துறை அறியாததல்ல. 1963-இல் ஹெல்ட், ஹைன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இரண்டு பூனைக்குட்டிகளுக்கு ஏறக்குறைய ஒரே காட்சி கிடைக்கும்படி செய்தார்கள். ஒன்று தானே நடந்தது, இன்னொன்று அதன் நடையோடு இணைத்த தொட்டியில் உட்கார்ந்து சுற்றிவந்தது. உட்கார்ந்திருந்த குட்டிக்குக் கண்ணால் கண்டு காலை ஊன்றத் தெரியவில்லை. 1969-இல் பால் பாக்-இ-ரீட்டா என்ற நரம்பியல் ஆய்வாளர் கேமரா காட்சியை 400 அதிர்வு முனைகளால் பார்வையற்றவர்களின் முதுகில் வரைந்தார். கேமராவைத் தாங்களே அசைத்தபோதுதான் பொருள் எதிரே இருப்பது அவர்களுக்குப் புலப்பட்டது. இவ்வளவு தெரிந்த பிறகும் எங்களைத் தொட்டியில்தான் உட்கார வைப்பீர்களா?

போட்டி, பரிசு, செய்தித்தாள் படம் எல்லாவற்றிலும் எங்கள் பெயர் இருக்கிறது. வடிவமைக்கும் மேசையில் மட்டும் நாங்கள் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு மாட்டிப் பார்க்க அழைக்கிறீர்கள். மன்னிக்கவும், கோபம் வருகிறது.

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். என் தலை திரும்பும்போதே கருவியின் பதிலும் மாறட்டும். பெயர் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. தடை எந்தப் பக்கம், எவ்வளவு கிட்டே என்பது அதிர்வாகவோ ஒலியாகவோ உடனே வரட்டும். மேசைமேல் வைத்த படங்களை வைத்து மதிப்பெண் போடாமல், நாங்கள் நடக்கும்போது சோதியுங்கள். பார்வையையும் நடையையும் சேர்த்தே வடிவமையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

அடுத்த மாதிரியை முடிவு செய்யும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். நேரம் ஒதுக்கி வருகிறோம்.

அன்புடன்,
ஸ்டிக்கோடு நடக்கும் ஒருவன்