அந்தக் காளையின் முதுகில் ஈக்கள் உண்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

மேய்ச்சல்வெளி ஓவியங்கள் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் 'மாடு என்றால் அமைதியின் குறியீடு' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டது உறுத்தியது. ஓடை, மரம், நடுவே நாலு மாடு என்று வரவேற்பறைக்காக வரைந்த படங்களுக்கு அது சரி. டச்சுக்காரர்களின், அதாவது நெதர்லாந்துக்காரர்களின், மாட்டுக்குச் சரிவராது.

அவர்களுக்கு மாடுதான் நாடு. ஸ்பெயின் ஆட்சியிலிருந்து விடுபட மல்லுக்கட்டிய காலத்தைச் சொல்லும் கேலி ஓவியம் ஒன்று உண்டு. நெதர்லாந்து அதில் ஒரு கறவைப் பசு. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத் தீவனம் கொடுக்கிறார், டச்சுக் கிளர்ச்சியின் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியம் பால் கறக்கிறார். வாலைப் பிடித்து நிற்கும் பிரெஞ்சுக் கோமகனின் கையிலேயே பசு சாணி போட்டுவிடுகிறது! இதில் அமைதியை எங்கே தேடுவது?

தண்ணீரை வடித்து மீட்ட தாழ்நிலம், அதில் புல், அப்புறம் வெண்ணெய், பாலாடைக்கட்டி என்று செழித்த நாடு அது. டச்சு ஓவியர் ஆல்பர்ட் கய்ப் வரைந்த மாடுகள் மாலை வெயிலில் வானத்தை மறைத்துக் குன்றுபோல் நிற்பது அதனால்தான். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கட்டுரையோடு வந்த, இன்னொரு டச்சு ஓவியரான பவுலுஸ் பாட்டரின் 'இளங்காளை' (1647) இன்னும் ஒரு படி மேலே. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பையன், அரசர்களுக்கும் புராணக் காட்சிகளுக்கும் ஒதுக்கிய அளவை, சுமார் 2.4 மீட்டர் உயரம், 3.4 மீட்டர் அகலம், ஒரு மாட்டுக்குக் கொடுத்திருக்கிறான். மேய்ப்பவர் மரத்தோரம் ஒதுங்கி நிற்கிறார். மறு ஆண்டே ஸ்பெயின் டச்சு விடுதலையை ஏற்றதால், இந்தக் காளையையும் நாட்டின் சின்னம் என்று சொல்லிவிட ஆசை வரும். எனக்கு அதில் அவ்வளவு சம்மதமில்லை. முதுகைச் சுற்றி ஈ மொய்க்கிறது, தரையில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. சின்னத்தை மட்டும் வரைய நினைத்தவன் ஈயை எண்ணி எண்ணி வரைவானா?

1795-இல் பிரெஞ்சுப் படை பாரிசுக்குத் தூக்கிப்போய், 1815-இல் திரும்பி வந்த படம் இது. இப்போது ஹேக் நகரின் மவுரிட்ஷவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களோ அதைத் தபால்தலை அளவில், கறுப்பு வெள்ளையில் போட்டிருக்கிறீர்கள். ஒரு ஈகூடத் தெரியவில்லை. அடுத்த முறை முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்