படியில் ஒரு கால்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே பேரனுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

கடைசி வரியில் ஒன்று கேட்டிருந்தாயே, இத்தாலிக்காரர்கள் நடுத்தெருவிலேயே முத்தம் கொடுத்துக்கொள்வார்களாமே என்று. நிஜம்தான். வந்த புதிதில் எனக்குக் கூச்சமாக இருந்தது, தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். அதை மாற்றியது ஒரு வயதான தம்பதி.

மிலான் சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பார்த்தேன். இரண்டு பேருக்குமே எழுபதைத் தாண்டியிருக்கும். ஊருக்குக் கிளம்பியவர் கணவர்தான். அந்த அம்மா அவர் கழுத்தில் இருந்த மஃப்ளரை அவிழ்த்து, மறுபடி ஒழுங்காகச் சுற்றிவிட்டார். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டார். பிறகு உதட்டில் ஒரு முத்தம். அவசரமே இல்லை. அவர் பெட்டியில் ஏறிய பிறகு வாசலில் நின்றபடி குனிந்தார், இன்னொன்று. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் பிரேரா ஓவியக்கூடத்துக்கு அழைத்துப்போனான். அங்கே பிரான்செஸ்கோ ஹாயெஸ் 1859இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. பெயரே ‘முத்தம்’தான். இறகு வைத்த தொப்பி போட்ட ஓர் இளைஞன், வெளிர்நீலப் பட்டுடை உடுத்த ஒரு பெண். அந்தப் பட்டின் பளபளப்பைப் பார்த்தால் தொட்டுப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு உயிர். அவன் இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்திருக்கிறான். அவள் கை அவன் தோளைப் பற்றியிருக்கிறது. ஆனால் நான் நெடுநேரம் பார்த்தது அவன் காலை. ஒரு கால் படியில் ஏறி நிற்கிறது! மேலங்கிக்கு அடியில் குத்துவாளின் பிடி தெரிகிறது. பின்னால் இருட்டில் ஒரு நிழல். அவன் போகப்போகிறான். திரும்பி வருவானா என்பது இரண்டு பேருக்கும் தெரியாது.

அந்த வருஷம்தான் ஆஸ்திரியாவின் ஆட்சியிலிருந்து மிலான் விடுபட்டது. எத்தனையோ இளைஞர்கள் வீட்டை விட்டுச் சண்டைக்குப் போன காலம். அவன் உடையின் சிவப்பும் பச்சையும் இத்தாலியைக் குறிக்கும், அவள் உடையின் நீலம் கூட நின்று போரிட்ட பிரான்ஸைக் குறிக்கும் என்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்தக் கால்தான் முக்கியம். வரைந்தபோது ஹாயெஸுக்கு 68 வயது. வாழ்ந்து பார்த்தவர் வரைந்த முத்தம் அது.

பதுவாவுக்கும் போய் வந்தோம். அங்கே ஸ்க்ரொவெஞ்ஞி தேவாலயத்தின் சுவர் முழுக்க ஜொத்தோ வரைந்த ஓவியங்கள், 1305 வாக்கில் வரைந்தவை. உள்ளே விடுவதற்கு முன் கால் மணி நேரம் தனி அறையில் உட்கார வைக்கிறார்கள், நம் மூச்சின் ஈரமும் தூசியும் ஓவியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று. இயேசுவின் தாய் மரியாளின் பெற்றோர் யோவாக்கிமும் அன்னாவும் எருசலேமின் பொன்வாசலில் சந்திக்கும் காட்சி அதில் உண்டு. வெகுகாலம் பிள்ளை இல்லாத, வயதான தம்பதி. அவமானம் தாங்காமல் மேய்ப்பர்களோடு போய்த் தங்கிவிட்ட கணவர் திரும்பி வருகிறார். வாசலிலேயே முத்தம். இரண்டு முகமும் ஒட்டி ஒரே முகமாகத் தெரிகிறது. கோயில் சுவரில், அதுவும் நரைத்த தாடிக்காரருக்கு! நான் அசந்துபோனேன்.

ஒன்று போகும்போது, மற்றது வரும்போது. நாம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போகிறேன்’ என்று சொல்லமாட்டோமே, ‘போய்ட்டு வரேன்’ என்றுதானே சொல்வோம்? அதைத்தான் இவர்கள் உதட்டால் சொல்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

முத்தத்துக்கு இவர்கள் வார்த்தை ‘பாச்சோ’. நிறைய இருந்தால் ‘பாச்சி’. போனை வைக்கும்போதும் பாச்சி, கடிதம் முடிக்கும்போதும் பாச்சி. அந்தப் பெயரில் ஒரு சாக்லேட்கூட உண்டு. 1922இல் பெருஜா ஊரில் லுயீசா ஸ்பஞோலி என்ற அம்மாள் மிச்சமான ஹேசல்நட் தூளை வீணாக்காமல் சாக்லேட்டில் கலந்து உருட்டி, மேலே ஒரு முழுப் பருப்பை வைத்தார். மூடிய முஷ்டி மாதிரி இருந்ததால் ‘குத்து’ என்று பெயர் வைத்திருந்தார்களாம். கடைக்கு வருகிறவர் ‘ஒரு குத்து கொடுங்கள்’ என்றா கேட்பார்? அதனால் ‘முத்தம்’ ஆக்கினார்கள். டப்பாவில் ஹாயெஸின் அந்த ஜோடியைத் தழுவி ஒரு படமும் வந்தது. வெள்ளித் தாளைப் பிரித்தால் உள்ளே காதல் வரி எழுதிய மெல்லிய சீட்டு இருக்கும். உனக்கு ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். சீட்டுகளை எறிந்துவிடாதே.

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் ஊருக்குத் திரும்புகிறார். நான் இன்னும் ஆறு வாரம் இங்கே. முப்பத்தைந்து வருஷமாக இவர் எங்கே கிளம்பினாலும் நான் பையைத் தூக்கிக் கொடுத்து, மாத்திரை எடுத்துவைத்தீர்களா என்று கேட்டு, அதோடு நிறுத்திக்கொள்வேன். இந்த முறை பையை மகன் பிடித்துக்கொள்ளட்டும். நான் இவர் மஃப்ளரைச் சரிசெய்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் பிடிக்கப்போகிறேன். எப்படி ஆயிற்று என்று எழுதுகிறேன்.

பாச்சி.

உன் பழைய அறைத்தோழி