நல்ல சோக்குகளைக் குப்பையில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையில் அலுவலகங்களும் கல்யாண மண்டபங்களும் எல்இடி விளக்குக்கு மாறி வருகின்றன. மாறட்டும், நல்லதுதான். ஆனால் கழற்றுகிற டியூப்லைட் பட்டிகளோடு, டியூபுக்கு அளவாகக் கரண்ட் கொடுக்கிற, இன்னும் பல வருஷம் உழைக்கக்கூடிய எலக்ட்ரானிக் சோக்குகளும் குப்பைக்குப் போகின்றன. காலமெல்லாம் வயர்மேன் வேலை பார்த்த எனக்கு இது பொறுக்கவில்லை.

எடைதான் காரணம். செம்புக் கம்பி சுற்றிய பழைய சோக்குக்குக் காயலான் கடையில் எடை போட்டுக் காசு தருவார்கள். எலக்ட்ரானிக் சோக்கில் எடையே இல்லை, அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. சமீபத்தில் அண்ணா சாலைப் பக்கம் ஒரு கட்டடத்தில் கழற்றிப் போட்டவற்றில் சிலவற்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பெரும்பாலானவற்றில் டியூபை மாட்டியதும் விளக்கு எரிந்தது. எரியாதவற்றில், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற கன்டென்சர் என்ற சின்னப் பாகம் உப்பியிருந்தது. ரிச்சி தெருவில் கிடைக்கிற கன்டென்சரைப் போட்டதும் அவற்றிலும் சில பிழைத்துக்கொண்டன.

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் இன்னமும் செம்புச் சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்து ஓட்டுகிற வீடுகள் உண்டு. கோடையில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் அந்த விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், நின்று எரியாது. எலக்ட்ரானிக் சோக் வருகிற கரண்டை டிசியாக்கி, பிறகு விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாற்றி டியூபுக்குக் கொடுக்கிறது. ஸ்டார்ட்டர் தேவையில்லை, உறுமல் இல்லை, வோல்டேஜ் குறைந்தாலும் பெரும்பாலும் எரியும். செம்புச் சோக்கோடு ஒப்பிட்டால் சுமார் 10 வாட் மிச்சம். தினம் 10 மணி நேரம் எரிகிற விளக்குக்கு இரண்டு மாதத்தில் 6 யூனிட். இலவச யூனிட்டைத் தாண்டாமல் சமாளிக்கிற குடும்பத்துக்கு அது பெரிசு.

கண்டபடி மாட்டவும் கூடாது. 36 வாட் டியூபுக்கு 36 வாட் சோக்தான். ஒல்லியான 28 வாட் டியூபின் சோக்கை இதற்குப் போடக் கூடாது. ஸ்டார்ட்டரைக் கழற்றி, அதற்குப் போகும் வயரையும் எடுத்துவிட்டு, சோக்கின் மேல் போட்டிருக்கும் படத்தின்படி இரண்டு முனைக்கும் வயர் கொடுக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் உள்ளே கன்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வேலை தெரியாதவர்கள் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அப்புறம், சோக் இல்லாமல் மெயின் கரண்டிலேயே எரிகிற எல்இடி டியூபை இந்தச் சோக்கில் மாட்டிவிடாதீர்கள்.

இதற்காகப் புதிதாக டியூப் வாங்கச் சொல்லவில்லை. டியூபுக்குள் பாதரசம் இருக்கிறது. நல்ல டியூப் ஏற்கெனவே உள்ள வீட்டில் அது தீரும்வரை எரியட்டும் என்றுதான் சொல்கிறேன். கழற்றிய டியூபை லாரியில் வீசி உடைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பாதரச விளக்குகள் மின்கழிவு விதிகளுக்குள் வருகின்றன. தெருக்குப்பையில் போடவே கூடாது.

மாநகராட்சியும் பெரிய கட்டடங்களை நடத்துபவர்களும் விளக்கு மாற்றும் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும்: எலக்ட்ரானிக் சோக்கைத் தனியாகக் கழற்றி, எரிகிறதா என்று பார்த்து, நல்லதை அந்தந்தப் பகுதி எலக்ட்ரீஷியன்களுக்குக் கொடுக்க வேண்டும், டியூபை உடைக்காமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சோதித்துக் கொடுக்க என்னைப் போல ஓய்வில் இருக்கும் வயர்மேன்கள் பலர் வருவார்கள். கூலிகூட வேண்டாம்.

ஓய்வுபெற்ற வயர்மேன்,
பெரம்பூர், சென்னை