ஞாயிறு பேச்சு: லெபனான் ஒயின்

நண்பர்களே, ஞாயிறு மாலை 5 மணிக்கு வழக்கம்போல காந்தி சிலை பக்கம் கூடுவோம். நம் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒயின் என்றாலே பிரான்ஸ்தான். இந்த முறை கொஞ்சம் தள்ளிப் போவோம்.

ஷத்தோ முசார் என்பது லெபனானில் ஒரு ஒயின் ஆலை, 1930-ல் அப்பா தொடங்கியது. மகன் செர்ஜ் ஓஷார் 1959-ல் ஒயின் தயாரிப்பைக் கையில் எடுத்தார். 2014-ல் இறக்கும்வரை அதோடுதான் இருந்தார். தோட்டம் பெக்கா பள்ளத்தாக்கில், ஆலையோ மலைக்கு அந்தப் பக்கம் கஸீரில். உள்நாட்டுப் போரிலும் லாரிகள் அந்த வழியாகத்தான் வர வேண்டும். பறித்த திராட்சை காத்திருக்குமா? லாரி வழியில் நின்றால் அடியில் நசுங்கிய பழம் அங்கேயே புளிக்கத் தொடங்கிவிடும். 1976-ல் ஒயினே போட முடியவில்லை. ஆனாலும் விடவில்லை, பிடிவாதக்காரர்!

அப்புறம், பாட்டில் யாரும் எடுத்து வர வேண்டாம், பொது இடம். மழை வந்தால் இங்கேயே சொல்கிறேன்.