ஓட்டம் மட்டும் தசையைக் காக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறுதோறும் 10 கி.மீ., 21 கி.மீ. ஓட்டங்களில் 45 வயதைக் கடந்தவர்கள் திரளாகக் கலந்துகொள்வது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், ஓடுவதோடு பலரும் பயிற்சியை முடித்துக்கொள்கிறார்கள். ‘பத்து வருஷமா அதே 68 கிலோதான்’ என்பவரின் பேன்ட் இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும், தொடையில் தொளதொளக்கும். எடை மாறாமலேயே தசை கரைந்து கொழுப்பு ஏறியிருக்கிறது.

முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. 60-க்குப் பின் இன்னும் வேகமாக. வலு அதைவிட விரைவில் போகும். பாய்வதற்கும், தடுக்கினால் சட்டென்று காலூன்றுவதற்கும் உதவும் வேகத் தசை இழைகளே அதிகம் மெலிகின்றன. நிதானமான நெடுந்தூர ஓட்டத்தில் அவற்றுக்கு வேலை குறைவு. தோளுக்கும் முதுகுக்கும் சொல்லவே வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தசை குறைந்திருக்கிறதா என்று அறிய ஜிம்மில் ஏறி நிற்கும் கொழுப்பு அளவுக் கருவியை நம்பினால், வியர்த்துவிட்டு வந்து நிற்கும்போது கணக்குத் தப்பும். வீட்டில் சோதிக்க ஒரு நாற்காலி போதும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மருத்துவரைப் பாருங்கள். தசை இழப்பை ஆராயும் ஆசிய நிபுணர் குழு 2019-இல் வகுத்த அளவு அது.

வாரத்தில் ஓடாத இரண்டு நாட்களில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுதல்), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்தல்), தண்டால், டம்பெல் ரோயிங் (குனிந்து டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுத்தல்) செய்யலாம். ஒவ்வொன்றும் 3 செட் (சுற்று). செட்டுக்கு 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத் தூக்கும் எடையே சரியான எடை. 12 முறையும் சுலபமாக வந்துவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். ஆண்டுக்கணக்கில் அதே 2 கிலோ டம்பெல்லை 30 முறை ஆட்டுபவர்களுக்குத் தசை வளராததன் காரணம் இதுதான்.

சாப்பாட்டிலும் குறை உண்டு. நான்கு இட்லி, சாம்பாரில் புரதம் 10, 12 கிராம்தான் தேறும். வயதான தசைக்கு வேளைக்கு 25 கிராமாவது வேண்டும். கூடவே இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் சேர்த்தால் கணக்குச் சரியாகும். முட்டை சாப்பிடாதவர்கள் பனீர், சோயா, வேர்க்கடலையால் ஈடுகட்டலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மாநகராட்சிப் பூங்காக்களின் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளில் பல, கை காலை ஆட்டத்தான் உதவுகின்றன. பளுவைக் கூட்ட வழியில்லை. புதிதாக அமைக்கும் இடங்களிலாவது புல்-அப் கம்பி, இணைக் கம்பிகள், மூன்று உயரங்களில் ஏறி இறங்கும் மேடைகள் வைக்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.

- உடற்பயிற்சி ஆலோசகர்கள், மதுரை.