குட்டி யானை வண்டி ஓட்டிவந்த அண்ணனுக்கு நன்றி

உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன் அண்ணே. போன ஞாயிறு மாலை மழையில், கும்பகோணம் பக்கத்தில் எங்கள் சின்ன ஊரின் கடைத்தெருவில், ஓட்டு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினீர்களே, உங்களுக்குத்தான் இது.

அந்த வீட்டில் 11 ஓவியர்கள் சேர்ந்து படக்கூடம் நடத்துகிறோம். முறைபோட்டுக் காவல் இருப்போம். விற்கிற படத்தில் ஒரு பங்கு வாடகைக்குப் போகும். அன்று என் முறை. திடீரென்று ஓடு சரிந்து தண்ணீர் உள்ளே கொட்டியது. கலம்காரித் துணிகளைச் சுருட்டி எடுத்துவிட்டேன். தஞ்சாவூர் ஓவியங்களை அப்படிச் சுருட்ட முடியாது. பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்து மேடு கட்டி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டியவை. ஈரம் இறங்கினால் அந்த மேடு உப்பி உதிர்ந்துவிடும்.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. வண்டித் தார்ப்பாயை அவிழ்த்து விரித்தீர்கள். 14 படங்களையும் என்னோடு சேர்ந்து தூக்கிப் பக்கத்துத் தெரு மண்டபத்தில் வைத்தீர்கள். டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

அதில் ஒன்று, எங்கள் பெரியவர் ஒருவர் மூன்று மாதம் உட்கார்ந்து செய்த வெண்ணெய்க் கண்ணன். மறுநாள் அதைத் தொட்டுப் பார்த்து அழுதுவிட்டார்.

ஓடு மாற்றியாகிவிட்டது. அப்புறம், உங்கள் தார்ப்பாய் இங்கேதான் காய்ந்து மடித்து இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் அவசியம் உள்ளே வாருங்கள் அண்ணே.